வெயில் மருந்து

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கதவு. அது சமையலறைக் கதவு. அதைத் திறந்தால் நேரே ரப்பர் அச்சு வார்க்கும் பிரஸ் மெஷினின் அனல் முகத்தில் அடிக்கும். ரப்பர் வேகும் வாசனை அந்த வீட்டுத் துணிமணியில், தலையணையில், உப்பு ஜாடியில்கூட ஏறியிருந்தது. "உங்க வீட்டு டீயைக் குடிச்சா வாய் இழுபடுது" என்று தெருவில் கேலி பேசுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. மெஷின் நின்று வாசனை குறைந்தால்தான் என்னவோ போல இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் அப்படித்தான் என்னவோ போல இருந்தது. புதிதாக வாங்கிய பெரிய பிரஸ்ஸைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சின்ன பிரஸ் மட்டும் ஓடியது, அதுவும் மதியத்தோடு சரி. வேலையாட்களில் மில்காரர் ஒருவர்தான் மிச்சம். ரப்பர் பாளத்தை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் விட்டு, கரித்தூளும் கந்தகமும் தூவித் தூவி, மாவு பிசைவது போலப் பிசைந்து எடுப்பது அவர் வேலை. முழங்கை வரை கறுத்துப்போன அந்தக் கைகளை எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்க முடியாது. வேலை இல்லாத நாளிலும் வந்து உருளைகளைத் துடைத்துவிட்டுப் போனார்.

பட்டறையைத் தொடங்கியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதை நடத்துவது மூத்த மகள். வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். அவள் புருஷன் மாமனார் காலத்தில் ஃபோர்மேனாக வேலைக்குச் சேர்ந்தவர். பெண்ணைக் கட்டி முதலாளியான பிறகும் ஃபோர்மேன் என்ற பேர் அவரை விடவில்லை. பெரியவளே கோபம் வந்தால் "இங்க பாருங்க ஃபோர்மேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். மூன்றாவது ஆள் அம்மா. நான்காவது ஆளான சின்னவன், பெரியவளின் தம்பி, படித்துவிட்டு வெளிநாடு போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். தண்ணீர்க் குழாய் பதிக்கும் பெரிய கம்பெனி ஒன்றில் சாமான் கொள்முதல் செய்யும் அதிகாரி அவன்.

குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள். அந்த வளையம்தான் பட்டறையின் பிழைப்பு. சின்னவன் மூலமாக அந்தக் கம்பெனியின் ஆர்டர் வந்தபோது ஃபோர்மேன் தெருவில் நடந்த நடையே வேறு. கடன் வாங்கிப் பெரிய பிரஸ் போட்டார். வளையங்கள் கப்பலேறின. ஒரு வருஷம் கழித்து, பதித்த குழாய்களில் இணைப்புக்கு இணைப்பு தண்ணீர் கசிகிறது, வளையங்களில் கீறல் விழுந்திருக்கிறது, ஒரு ஊர்த் தெருக்களையே மறுபடி தோண்டவேண்டி வந்தது என்று சொல்லி அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு அவர்கள் நாட்டுக் கோர்ட்டிலும் இல்லை, இந்த நாட்டுக் கோர்ட்டிலும் இல்லை. தகராறு வந்தால் மூன்றாவது நாட்டில் ஒரு நடுவர் விசாரிப்பார், அவர் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

"நமக்கும் அவங்களுக்கும் சண்டை. நடுவுல மூணாவது நாட்டுக்காரருக்கு என்ன வந்துச்சு?" என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, "ரெண்டு பேரு மேலயும் பாசம் இல்லாதவரா இருக்கணும் சார், அதுக்குத்தான்" என்று விளக்கியவள் வக்கீலம்மா. நகரத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் சின்ன வயதுப் பெண். கப்பல் கம்பெனிகளின் வழக்குகளை நடத்துகிறவள். இந்த வழக்கை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது என்று அவள் குமாஸ்தா சொல்வார்.

அன்றைக்கு மதியம் அவள் வந்தபோது மழை வலுத்திருந்தது. முன்னறை மேஜை முழுக்க மாதிரி வளையங்கள் பரப்பிக் கிடந்ததால் சமையலறையிலேயே உட்கார்ந்தார்கள். அம்மா அடுப்புப் பக்கம் நின்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வக்கீலம்மா தன் காலடியிலேயே சாய்த்து வைத்தாள்.

"லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு" என்றாள். "ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட லேப். அதனால அதைக் குறை சொல்ல வழியில்லை."

"என்னவாம்?" என்றார் ஃபோர்மேன்.

"முதல்ல அனுப்பின சரக்கெல்லாம் சரியா இருக்கு. கடைசி லோடுல மட்டும், வெயில் தாங்கறதுக்குன்னு ஒரு மருந்து போடுவீங்களே..."

"வெயில் மருந்து."

"அது ஒப்பந்தத்துல சொன்னதுல பாதிதான் இருக்காம். கீறல் விழுந்ததெல்லாம் அந்த லோடுதான்."

கத்தி மட்டும் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. வெயில் மருந்து என்பது கரும்பழுப்பில் சிறுசிறு மணிகளாக வரும் சரக்கு. அதைக் கலக்காத ரப்பர் வெயிலும் காற்றும் பட்டால் நாளடைவில் வறண்ட உதடு மாதிரி வெடித்துப்போகும்.

"நீங்க முழுசாப் போட்டோம்னு எங்கிட்ட சொன்னீங்க சார்."

"போட்டோம்னுதான்..." ஃபோர்மேன் மென்று விழுங்கினார்.

"எங்கிட்டயே மறைச்சீங்கன்னா, கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்கற மாதிரிதான் எனக்கு."

ஃபோர்மேன் பெரியவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "மருந்து துறைமுகத்துல மாட்டிக்கிச்சு" என்றார் அவர். "கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு. கையில இருந்ததைப் பங்கு போட்டுக் கலந்தோம். என் முடிவுதான். வேற யாருக்கும் சம்பந்தமில்லை."

அம்மா திரும்பினாள். "ஏன் மாப்பிள்ளை இல்லாத பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க? சின்னவன்தானே சொன்னான்?"

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் பெரியவள்.

"என்னடி சும்மா இரு? நான் இங்கதான நின்னேன்? எனக்குக் கை ஈரமா இருக்கும்னு போனை இந்த ஜன்னல்ல வெச்சு, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் எப்பவும் அவன்கிட்ட பேசுவேன். இவர் தண்ணி குடிக்க வந்தாரு. மருந்து வரலையே மச்சான், என்ன பண்றதுன்னு கேட்டாரு. அதுக்கு அவன், இருக்கறதைப் போட்டு அனுப்புங்க மாமா, குழாய் மண்ணுக்கு அடியில கிடக்கப்போகுது, அங்க ஏது வெயிலு, கப்பலை விட்டா என் தலைதான் உருளும்னான். இவ்வளவுதான் நடந்தது. அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்."

வக்கீலம்மாவின் பேனா பாதியில் நின்றது. "இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லலை?"

பெரியவள்தான் பதில் சொன்னாள். "அவன் வேலைக்கு ஆபத்து வரும்னு நான்தான் இவரைச் சொல்ல விடலை."

"மேடம், அவங்க வளையத்தைக் குழாய்ல மாட்டி, குழாயை வெட்டவெளியில அடுக்கி, ஒரு கோடை முழுக்கக் காய விட்டிருக்காங்க. அதுக்குப் போட்டோ இருக்கு. ஆனா முழு மருந்து இருந்திருந்தா அதையும் தாங்கியிருக்கும்னு அவங்க சொல்றாங்க. நீங்களா பாதி போட்டீங்கன்னா மொத்தமும் உங்க தலையில விழும். அவங்க ஆளே சரின்னு சொன்னதாலதான் போட்டீங்கன்னா கதையே வேற." அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இதை நீங்க விசாரணையில வந்து சொல்லணும்."

"சொன்னா போச்சு."

"எதிர்ப் பக்கத்துக்குச் சாட்சி சொல்லப்போறது உங்க மகன்."

அம்மா கத்தியைப் பலகையில் வைத்தாள். நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போட மறந்துவிட்டாள். வக்கீலம்மா கிளம்பும்போது அவை கறுத்துப்போயிருந்தன.

மழை விட்ட பிறகு பட்டறையில் ஃபோர்மேன் அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பித்தளை பிரஷ்ஷால் பள்ளத்துக்குள் விட்டு, வெந்து ஒட்டிய பிசிறைச் சுரண்டி எடுக்கவேண்டும். கோபம் வந்தால் அவர் செய்யும் வேலை அது. பெரியவள் வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மாவை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?"

"உங்களைக் காப்பாத்தத்தானே திறந்தாங்க."

"தெரியுது. அதான் எரியுது." பிரஷ் நின்றது. "நான் பாட்டுக்கு ஏத்துக்கிட்டிருப்பேன். பட்டறை போனா என்ன? எங்கயாவது ஃபோர்மேனாப் போயிடுவேன். பேரு கையிலயே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அவன் இப்பதான் வீடு வாங்கியிருக்கான். குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் அவன் பொண்டாட்டியும் வேலைக்குப் போகலை."

"இங்க மில்காரரு மூணு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு உருளையைத் துடைச்சிட்டுப் போறாரு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். அதான் ஒண்ணும் பண்ண முடியலை" என்று சொல்லி, அவர் அடுத்த அச்சை எடுத்தார்.

அன்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "நான் போய்ச் சொல்லலைன்னா என்ன ஆகும்?"

"பட்டறை போகலாம்மா."

"சொன்னா?"

"அவன் வேலை போகலாம்."

"போகலாம், போகலாம். நிச்சயமா ஒண்ணும் கிடையாதா உங்க சட்டத்துல?"

ஃபோர்மேன் தட்டிலேயே கண்ணாக இருந்தார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று கை காட்டியும் ஊற்றினாள். அவர் வேலைக்காரராக இருந்த காலத்தில் பின்கட்டில் உட்காரவைத்துத்தான் அவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

இரண்டு நாள் அம்மா சாட்சி விஷயமாக வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பெரியவளிடம் வந்து, வக்கீலுக்குப் போன் போடச் சொன்னாள்.

"நான் வர்றேம்மா" என்றாள் போனில். "நடந்ததைச் சொல்லாம விட்டா எங்க மாப்பிள்ளை பொய்யர்னு ஆயிடும். அது எனக்கு ஆகாது. ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்வேன். என் புள்ளை கெட்டவன்னு என் வாயால சொல்ல வெக்கப் பார்த்தாங்கன்னா எந்திரிச்சு வந்துடுவேன், ஆமா."

வக்கீலம்மா ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். விசாரணை முடியும் வரை மகனிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"அவன் தினம் காலையில கூப்பிடுவானே?"

"கூப்பிடட்டும். மத்ததெல்லாம் பேசுங்க."

மற்றதெல்லாம் பேசினார்கள். குழந்தை தவழ்கிறதா என்று இவள் கேட்டாள், முழங்கால் வலி எப்படி என்று அவன் கேட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் பிரஸ் மூச்சுவிடும் சத்தம் கேட்டால் அவனும் நிறுத்திவிடுவான், இவளும் நிறுத்திவிடுவாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வேறு எதையாவது தொடங்குவார்கள்.

அம்மா சொன்னதை எழுதி, அவளுக்குப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி வக்கீலம்மா எதிர்ப் பக்கத்துக்கு அனுப்பினாள். முறை அதுதான். அவர்கள் சாட்சி சொல்லப்போவது இவர்களுக்குத் தெரியவேண்டும், இவர்களுடையது அவர்களுக்கு. அது போய்ச் சேர்ந்த பிறகு காலை போன் நின்றுவிட்டது. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "வேலையா இருப்பான்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

சின்னவனின் பதில் வாக்குமூலம் வந்ததும் பெரியவள் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து அதைப் படித்தாள். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகத் தனக்கு நினைவில்லை, அம்மாவிடம் குடும்ப விஷயம் தவிர வேறெதுவும் பேசும் வழக்கமில்லை என்று எழுதியிருந்தான்.

"அம்மாகிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள் வக்கீலம்மா. "விசாரணையில கேப்பாங்க. திடீர்னு கேட்டா ஆடிப் போயிடுவாங்க."

பெரியவள் சரி என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தபோது அம்மா பேரக்குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, கழுத்து அளவு சரியாக இருக்குமா என்று கேட்டாள். "சரியா இருக்கும்மா" என்றாள் பெரியவள். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படியே நாள் ஓடிவிட்டது.

விசாரணை வக்கீலம்மாவின் ஆபீஸிலிருந்து, திரை வழியாக. நீள மேஜை, சுவர் முழுக்க ஒரு பெரிய திரை, அதில் கட்டம் கட்டமாக முகங்கள். மேல் கட்டத்தில் நடுவர். நரைத்த மனிதர், ஜலதோஷம் பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைச் சிந்தினார். இன்னொரு கட்டத்தில் எதிர்ப் பக்க வக்கீல். மொழிபெயர்ப்பவருக்கு முகம் கிடையாது, குரல் மட்டும். அது சுத்தமான, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிய தமிழ்.

வழக்குப் போட்டவர்கள் தரப்பு முதலில். சாட்சி சொல்லப்போகிறவர் இன்னொரு சாட்சி பேசுவதைக் கேட்கக்கூடாது என்று அம்மாவை வெளியே, குமாஸ்தாவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். உள்ளே, முதலாளி என்ற முறையில் பெரியவள் இருந்தாள். ஃபோர்மேன் முந்தின நாளே சாட்சி சொல்லி முடித்திருந்தார். மறுநாள் வெளியூர் போகவேண்டியிருந்ததால் அவரை மட்டும் முன்னால் விசாரித்திருந்தார்கள். எதிர் வக்கீல் அவரை வறுத்தெடுத்துவிட்டார். "எனக்கு வேர்த்த வேர்வையில ஒரு லோடு ரப்பர் வெந்திருக்கும்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

சின்னவன் திரையில் வந்தான். தான் இருக்கும் நாட்டு மொழியிலேயே பேசினான். கூடப் பிறந்த தம்பி சொல்வதைப் பெரியவள் முகமில்லாத ஒருவரின் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா கேட்டாள். "தினமும் காலையில் அம்மாவோடு பேசுவது உண்டா?"

"உண்டு."

"அவர் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசுவாரா?"

"இருக்கலாம்."

"கடைசி லோடு கப்பலேறும் முன் வெயில் மருந்து வந்து சேரவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?"

"நினைவில்லை."

"மண்ணுக்கு அடியில் ஏது வெயில் என்று சொன்னீர்களா?"

"அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை."

திரையில் அவன் ஒரு தடவைகூட அக்கா இருந்த கட்டத்தைப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மதியத்துக்கு மேல் அம்மாவை உள்ளே கூட்டிவந்தார்கள். வெளுத்த சேலை, இஸ்திரி மடிப்பு கலையாமல். காமிரா எது என்று குமாஸ்தா காட்டினார்.

"தாங்கள் உண்மையை மட்டுமே உரைப்பதாக உறுதியளிக்கிறீர்களா?" என்றது மொழிபெயர்ப்புக் குரல்.

"பொய் சொல்லணும்னா வீட்டுலயே சொல்லியிருப்பேனே. இதுக்காக ரெண்டு பஸ் மாறி வருவேனா?"

குரல் தயங்கியது, பிறகு சுருக்கமாக எதையோ சொன்னது. நடுவர் கையை உயர்த்தி, அந்த அம்மா இன்னும் நீளமாக அல்லவா பேசினார் என்று கேட்டார். குரல் முழுவதையும் மொழிபெயர்த்தது. நடுவர் மூக்கைச் சிந்துகிற சாக்கில் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

எதிர் வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். யார் வீட்டில் இருக்கிறீர்கள்? மகள் வீட்டில். உங்கள் செலவுகளைப் பார்ப்பது யார்? மகளும் மாப்பிள்ளையும். இந்த வழக்கில் தோற்றால் அந்த வீட்டுக்கே ஆபத்து என்று தெரியுமா?

"தெரியும்."

"ஆகவே மகளுக்கு உதவ விரும்புகிறீர்கள்."

"யாருதான் விரும்ப மாட்டா? பெத்த புள்ளைக்கு உதவணும்னு உங்கம்மாவுக்கு இருக்காதா?"

"உங்கள் மகனும் இதே விசாரணையில் காலையில் சாட்சி சொன்னார். நீங்கள் சொல்லும் அந்தப் பேச்சு நடந்ததாக நினைவில்லை என்று அவர் எழுத்து மூலமாகவும் நேரிலும் சொல்லியிருக்கிறார். இது உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா பெரியவள் பக்கம் திரும்பினாள். பெரியவள் மேஜையைப் பார்த்தாள். அம்மா திரும்பித் திரையைப் பார்த்தாள். அதுவரை நடுவரை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது ஒவ்வொரு கட்டமாகத் தேடினாள். சாட்சி சொல்லி முடித்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் கீழ் மூலையில் அவன் இருந்தான்.

"ஐயோ, உனக்கு முடி ஏன்டா இப்படிக் கொட்டிப் போச்சு?" என்றாள்.

எதிர் வக்கீல் எதுவோ சொன்னார். குரல் மொழிபெயர்க்கவில்லை. நடுவர், சாட்சி என்ன சொன்னார் என்று கேட்டார். குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையும் அந்த மொழியில் சொன்னது. கீழ் மூலையில் சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்ததில் உச்சி இன்னும் நன்றாகத் தெரிந்தது. நிதானமாகப் பதில் சொல்லலாம், அவசரமில்லை என்றார் நடுவர்.

"தெரியாது" என்றாள் அம்மா. "அவன் அப்படிச் சொன்னது எனக்கு இப்பதான் தெரியும்."

"அப்படியானால் உங்கள் மகன் பொய் சொல்கிறாரா?"

வக்கீலம்மா எழுந்திருக்கப் போனாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"மறந்திருப்பான். அவனுக்கு ஆயிரம் வேலை, ஆயிரம் போன். எனக்கு என்ன வேலை? காலையில அவன் பேசறதைக் கேக்கறதுதான் வேலை. அதனால எனக்கு ஞாபகம் இருக்கு. அவன் சொன்னான். எங்க மாப்பிள்ளையும் சரின்னாரு. யாரும் யாரையும் ஏமாத்தணும்னு சொல்லலை. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டேன்னு நினைச்சேன்."

"வந்திருப்பேன். இப்படி எல்லாரு முன்னாடியும் முழிச்சிருக்க மாட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பி, "அவன் எதிர்லயே அந்த ஆளு கேட்டுட்டாரே. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றாள்.

சின்னவன் பட்டறை போனுக்குக் கூப்பிட்டது சில வாரம் கழித்து ஒரு மதியம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். பெரியவள் அப்போதுதான் பிரஸ்ஸிலிருந்து எடுத்த வளையங்களின் ஓரப் பிசிறைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். சூடு கையுறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"அக்கா."

"சொல்லு."

"என் டேபிள்ல இருந்த வேலையெல்லாம் வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. இன்னும் வாய்விட்டுச் சொல்லலை. சொல்லிடுவாங்க."

அவள் ஒரு வளையத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"எனக்கு நினைவு இருந்துச்சுக்கா."

"தெரியும்டா."

"அவங்க வக்கீல் எழுதிக் கொண்டுவந்து வெச்சாரு. கையெழுத்துப் போடலைன்னா அன்னிக்கே வெளியன்னு மேனேஜர் பக்கத்துல நிக்கறாரு. நினைவில்லைன்னு சொன்னா பொய்யாகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீ மறந்துட்டன்னுதான் சொல்லிட்டு இருக்காங்க."

"நிஜமாவே அப்படி நினைக்கறாங்களா?"

"அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருந்தா நீ கேளு."

ஃபோர்மேன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். "மச்சான், நான் பேசறேன். அன்னிக்கு நீ சொன்னது வாய்ப்பேச்சு. தராசுல நிறுத்துப் போட்டது என் கை. வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லலை. அதனால நீ மட்டும் உட்கார்ந்து மருகாதே. வேலை போச்சுன்னா இங்க வந்துடு. சம்பளம் மட்டும் கேக்காதே, மத்தபடி எல்லா வசதியும் இருக்கு."

மறுமுனையில் சிரித்தானா அழுதானா என்று அவருக்குத் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

அவன் வரவில்லை. வேலை போயிற்று. அதே ஊரில் கிடங்கு ஒன்றில் முன்னதைவிடச் சின்ன வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அம்மாவோடு மறுபடி பேச ஆரம்பித்தான். அங்கே குளிரா, இங்கே மழையா என்று வானிலை அறிக்கை மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு. குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. ஸ்வெட்டர் பத்தாமல் போய்விட்டது. அம்மா அதைப் பிரித்து மறுபடி பெரிதாகப் பின்னினாள்.

வெயில் ஏறிய பிறகுதான் தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா அதைப் போனில் சொல்லாமல் நேரிலேயே கொண்டுவந்தாள். மறுபடியும் சமையலறை. அம்மா அவளுக்கு மோர் கலக்கிக் கொடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் தப்புன்னு எழுதியிருக்காரு" என்றாள் வக்கீலம்மா. "வளையத்தை நிழல்லதான் வெக்கணும்னு அவங்களே எழுதி வெச்சுக்கிட்டு வெயில்ல போட்டது பெரிய தப்பு. பாதி மருந்து போட்டது உங்க தப்பு. போன்ல அந்தப் பேச்சு நடந்தது நிஜம்னு ஏத்துக்கிட்டாரு. ஆனா ஒப்பந்தத்தை எழுத்துல இல்லாம மாத்த முடியாது, அதனால அந்தப் பேச்சை வெச்சு முழுசாத் தப்பிக்க முடியாதுன்னுட்டாரு. அவங்க கேட்டதுல சின்னப் பங்கு நீங்க குடுக்கணும்."

"பெரிய பிரஸ்ஸை வித்தா?" என்றார் ஃபோர்மேன்.

"சரியாப் போகும்."

"பட்டறை?"

"அது உங்களுது சார்."

"வீடு?"

"அதுவும்தான்."

ஃபோர்மேன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்குள் போனார். மில்காரரிடம் உரக்க என்னவோ சொல்வது கேட்டது. பெரியவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்களைப் பத்தித் தனியாவே ஒரு பாரா எழுதியிருக்காரு" என்றாள் வக்கீலம்மா. அவள் முகம் மலர்ந்திருந்தது. "என் முன்னால வந்த சாட்சிகள்ல இவரையே முழுசா நம்பினேன், தன் சொந்த மகனுக்கு எதிராகப் போகும்னு தெரிஞ்சும் நடந்ததைக் கூட்டாம குறைக்காம சொன்னார்னு. எந்த நடுவரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். "அவனைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

வக்கீலம்மா பெரியவளைப் பார்த்தாள்.

"அவளை ஏன் பார்க்கறே? படிம்மா."

வக்கீலம்மா பக்கத்தைத் திருப்பினாள். மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னாள். "மறந்துட்டார்ங்கறதை என்னால ஏத்துக்க முடியலை. தெரிஞ்சே மறைச்சார்னுதான் நினைக்கிறேன்."

வெளியே சின்ன பிரஸ் மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அதை எடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"தீர்ப்பை மாத்த முடியாதும்மா. இதுக்கு அப்பீலும் கிடையாது."

"யாரும் படிக்க மாட்டாங்கம்மா" என்றாள் பெரியவள். "இதெல்லாம் வெளிய விடமாட்டாங்க. ரகசியம்."

"அவனுக்குத் தெரிஞ்சுடும்ல?"

வக்கீலம்மா தீர்ப்பை மூடி வைத்தாள்.

"என்னைப் பத்தி நல்லதா எழுதினாரே, அதை வேணும்னா எடுத்துக்கட்டும். அதை எடுத்துட்டு, இதையும் எடுத்துடச் சொல்லு."

"அப்படியெல்லாம் முடியாதும்மா."

"ஒரு எழுத்துகூட மாத்த முடியாதா?"

"கணக்குத் தப்பு, எழுத்துப் பிழை, அந்த மாதிரி ஏதாவது இருந்தா மட்டும் குறிப்பிட்ட நாளுக்குள்ள எழுதிக் கேக்கலாம். திருத்தித் தருவாரு."

அம்மா காலியான டம்ளரை வக்கீலம்மாவின் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அப்ப அப்படியே எழுது" என்றாள். "மறந்துட்டான்னு இருக்கவேண்டிய இடத்துல மறைச்சான்னு விழுந்திருக்கு, எழுத்துப் பிழைன்னு எழுது. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."